குருதியில் ஹார்மோனை அளந்த வரலாறு

காலையில் பள்ளி தொடங்கியதும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறோம். பெயரைச் சொன்னதும் "உள்ளேன் ஐயா" என்று குரல் வருகிறது. தலை நிமிராமலே கோடிட்டுவிட்டு அடுத்த பெயருக்குச் செல்கிறோம். வராத பிள்ளைக்காகப் பக்கத்தில் இருக்கும் தோழன் குரல் கொடுத்தாலும், பதிவேடு அவன் வந்திருப்பதாகவே காட்டும். எழுதியவர் பொய் எழுதவில்லை. குரலை ஆளாகக் கொண்டதுதான் பிழை. ஆசிரியப் பணியில் இருப்போர் அனைவரும் ஒரு முறையேனும் இப்படி ஏமாந்திருப்போம்.

மருத்துவமனைகளில் குருதி எடுத்து ஹார்மோன் அளவு பார்க்கும் சோதனையிலும் இதே பிழை நேர்வதுண்டு. ஸ்டீராய்டு மருந்து உண்பவர்களிடம் இது சிறப்பாக நேர்கிறது. இதனை நான் ஏட்டில் படித்து அறிவதற்கு முன் வீட்டிலேயே கண்டேன். என் அத்தை கெடாத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். முழங்கால் வலிக்கு யாரோ சொல்ல, இரவுச் சந்தையில் ஒரு பொடி வாங்கி உண்டு வந்தார். வலி மாயமாய் மறைந்தது. சில மாதங்களில் முகம் நிலாப் போல் உருண்டது. கையில் தொட்ட இடமெல்லாம் கன்றிச் சிவந்தது. ஒரு மருந்தகத்தில் குருதி சோதித்து, ஹார்மோன் இயல்பான அளவில் இருப்பதாகச் சொன்னார்கள். பொடியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பொடி தீர்ந்த சில நாளில் அத்தை வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர், "வேறு என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அத்தையைக் காப்பாற்றியது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று அவர் ஐயுற்று, உடனே அதற்குரிய ஊசியைப் போட்டார்.

இயல்பான அளவு என்று தாள் சொன்னது. உடல் அதற்கு மாறாகச் சொன்னது. இந்த முரண் எங்ஙனம் எழுந்தது என்பதைத் தேடிப் போனால், அது நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் கொண்டு போய் விடுகிறது.

சிறு சுரப்பி, பெரும் பணி

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்தாற்போல் இரு சிறு சுரப்பிகள் அமர்ந்துள்ளன. அட்ரினல் என்பது அவற்றின் பெயர். இவை நலிந்தால் மனிதன் சோர்ந்து, தோல் கறுத்து, மெலிந்து மடிவான் என்பதை 1855ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் நூலாக எழுதினார். அப்போது ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கவில்லை. அச்சொல்லை 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கில அறிஞர் வழங்கினார். இதற்கு எதிர்நிலையை, அதாவது இச்சுரப்பு மிகுந்தால் முகம் உருண்டு, வயிறு பருத்து, கைகால் மெலியும் என்பதை, அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் ஒரு நோயாளியிடம் கண்டு 1912இல் வெளியிட்டு, 1932இல் விரிவாக எழுதினார். ஆகவே குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்பது தெளிவாயிற்று. எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்குத்தான் அன்று வழியில்லை.

அட்ரினல் சுரக்கும் பொருள்களுள் தலையாயது கார்டிசால். நோய், காயம், அறுவை முதலிய இடர்கள் வரும்போது உடலைத் தாங்கி நிற்பது இதுவே. இதைச் சுரக்குமாறு கட்டளையிடுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. குருதியில் கார்டிசால் போதிய அளவு இருந்தால் கட்டளை குறையும். குறைந்தால் கட்டளை மிகும்.

1948ஆம் ஆண்டின் அற்புதம்

அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பிலிப் ஹென்ச், மூட்டுவாத நோயாளிகளுக்கு மஞ்சட்காமாலை கண்டால் மூட்டு வலி தணிவதை 1929இல் கவனித்தார். கருவுற்ற பெண்களுக்கும் அவ்வலி தணிந்தது. உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இதற்குக் காரணமாக வேண்டும் என்று அவர் எண்ணினார். அதே நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலார் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்து வந்தார். சுவிட்சர்லாந்தில் ரைக்ஸ்டைன் என்பாரும் அதே பணியில் ஈடுபட்டிருந்தார். மெர்க் நிறுவனத்து இளைஞர் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்த நீரிலிருந்து தொடங்கிப் பல படிகளைக் கடந்து கார்டிசோன் என்ற பொருளை உருவாக்கினார்.

1948 செப்டம்பர் 21ஆம் நாள், மூட்டுவாதத்தால் முடங்கிய ஓர் இளம்பெண்ணுக்கு இது ஊசி வழியே செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். கடைவீதிக்கும் சென்று வந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. 1955இல் இன்னும் ஆற்றல் மிக்க பிரெட்னிசோலோன் வந்தது. ஐம்பதுகளின் இறுதியில் டெக்சாமெத்தசோன் வந்தது. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமும் டெக்சாமெத்தசோன் 0.75 மில்லிகிராமும், 20 மில்லிகிராம் கார்டிசாலுக்கு ஈடாகக் கணக்கிடப்படும். மாத்திரை சிறிது, ஆற்றல் பெரிது.

நிழலும் உடனே தோன்றியது. வெளியிலிருந்து மருந்து வருவதைக் கண்ட பிட்யூட்டரி, "இனி நம் கட்டளை தேவையில்லை" என்று ஓய்ந்துவிடுகிறது. கட்டளை இல்லாத அட்ரினல் சுருங்கி உறங்குகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினாலோ, அறுவையின்போது உடல் மிகுதியாகக் கேட்டாலோ, உறங்கிய சுரப்பி எழுவதில்லை. கார்டிசோன் உண்டு வந்த ஒருவர் அறுவைக்குப் பின் அதிர்ச்சியில் மாண்டதையும், அவருடைய அட்ரினல் சுருங்கிக் கிடந்ததையும் 1952இல் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்டது. அன்று முதல், சுரப்பி விழித்துக்கொண்டதா என்பது மருத்துவர் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய வினாவாயிற்று.

அளக்க முயன்றோர்

அலோர் ஸ்டாரில் டாக்டர் மகாதீர் 1957இல் தம் மருந்தகத்தைத் திறந்த காலத்தில், குருதியில் கார்டிசாலை எளிதாக அளக்கும் முறை உலகில் எங்குமே இல்லை. இருந்தவை நிறமாற்ற முறைகளே. போர்ட்டர், சில்பர் என்னும் இருவர் 1950இல் கண்ட முறையில், ஒரு வேதிப்பொருளையும் கந்தக அமிலத்தையும் சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும்; நிறத்தின் அடர்த்தி அளவைக் காட்டும். ஆனால் கார்டிசாலின் உறவினர்களாகிய மருந்துகளும் அதே மஞ்சளைத் தந்தன. 1962இல் மேட்டிங்லி என்பவர் ஒளிர்வு முறை ஒன்றை ஏற்படுத்தினார். இதில் வேறோர் இடர். ஸ்பைரோனோலாக்டோன் என்ற சிறுநீர் பெருக்கி மருந்து உண்டவர்களின் குருதி வீணே ஒளிர்ந்து, இல்லாத மிகுதியைக் காட்டியது. அடுத்து, மாண்ட்ரியல் நகரில் பெவர்லி மர்பி என்னும் பெண்மணி, கார்டிசாலைச் சுமந்து செல்லும் குருதிப் புரதத்தையே அளவுகோலாக ஆக்கினார். அறிவு நுட்பம் மிக்க முறை அது. எனினும் அப்புரதம் பிரெட்னிசோலோனையும் தோளில் ஏற்றிக்கொண்டது.

முறை மாற மாற, ஏமாற்றும் பொருளும் மாறியது. ஏமாற்றம் மட்டும் மாறவில்லை. ஏனெனில் எல்லா முறைகளும் சாயலையே தேடின.

இடையூறே கருவியான கதை

இவ்வரலாற்றில் மிக வியப்பான பகுதி நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில் நிகழ்ந்தது. ரோசலின் யாலோ இயற்பியல் பயின்ற பெண். முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவாளர் அறையாக இருந்த சிறு இடத்தைத் தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். 1950இல் மருத்துவர் சாலமன் பெர்சன் அவருடன் சேர்ந்தார். நீரிழிவு நோயாளிகளின் உடலில் இன்சுலின் எவ்வளவு விரைவில் அழிகிறது என்பதை அறிய, கதிரியக்க அயோடினைச் சேர்த்த இன்சுலினை ஊசி வழியே செலுத்திப் பார்த்தனர். விரைவில் மறையும் என எதிர்பார்த்தனர். ஆனால் முன்பே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் குருதியில் அது நெடுநேரம் தங்கியது. மருந்தாக வந்த இன்சுலினுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை ஆக்கி வைத்திருந்தது. அப்பொருள் இன்சுலினைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

இதை 1956இல் வெளியிட அவர்கள் பெரும்பாடு பட்டனர். அத்துணைச் சிறு புரதத்திற்கு எதிர்ப்பொருள் உண்டாகாது என்பது அன்றைய கொள்கை. ஆகவே இதழ்கள் கட்டுரையைத் திருப்பின. இறுதியில் தலைப்பிலிருந்த சொல்லை மாற்றிய பின்னரே அச்சேறியது. ஆனால் யாலோவும் பெர்சனும் அவ்விடையூற்றையே கருவியாக்கினர். எதிர்ப்பொருள் ஒன்றைப் பற்றிக்கொள்ளும் என்றால், அதைக் கொண்டே அப்பொருளை அளக்கலாம் அன்றோ? குறிப்பிட்ட அளவு எதிர்ப்பொருளையும் கதிரியக்க இன்சுலினையும் வைத்து, அதனுடன் நோயாளியின் குருதியைச் சேர்த்தால், இரண்டு இன்சுலினும் இடத்துக்குப் போட்டியிடும். எது எவ்வளவு இடம் பிடித்தது என்று பார்த்தால் குருதியின் அளவு கிடைக்கும். 1960 அளவில் இம்முறை நிலைபெற்றது. பெர்சன் 1972இல் மறைந்தார். யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். இருவரும் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. உலகம் முழுவதும் இதை எடுத்து ஆண்டது.

மருந்தானது குருதியின் சோதனையைக் குழப்பும் என்ற உண்மையிலிருந்தே இச்சோதனை பிறந்தது. பிறப்பிலேயே வந்த அக்குணம் பின்னரும் அதை விட்டு நீங்கவில்லை.

ஒரே ஒரு பிணைப்பு

கார்டிசால் மிகச் சிறிய மூலக்கூறு. தனியே செலுத்தினால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் ஆக்காது. 1957இல் எர்லாங்கர் முதலிய அறிஞர்கள், ஸ்டீராய்டை ஒரு பெரிய புரதத்தோடு கொக்கியிட்டுப் பிணைத்து விலங்குகளுக்குச் செலுத்தும் வழியைக் காட்டினர். அவ்வழியே எழுபதுகளில் கார்டிசாலுக்கும் எதிர்ப்பொருள் சோதனைகள் வந்தன. பின்னர்க் கதிரியக்கத்தை விட்டு ஒளிரும் வேதிப்பொருளைக் கொண்டு தாமே இயங்கும் பொறிகள் வந்தன. இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் சோதிப்பவை இவையே.

கொக்கி பலமுறை கார்டிசாலின் மூன்றாம் கார்பன் அணுவில் மாட்டப்பட்டது. அதனால் எதிர்ப்பொருள் மூலக்கூற்றின் மறுகோடியை நன்கு கண்டது. கொக்கி மாட்டிய பக்கம் அதன் கண்ணுக்கு மறைந்தது. இப்போது பிரெட்னிசோலோனைப் பாருங்கள். கார்டிசாலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு முதலாம், இரண்டாம் கார்பன் அணுக்களுக்கு இடையே உள்ள ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டுமே. அவ்வேறுபாடு இருப்பதோ கொக்கி மறைத்த அதே பக்கத்தில்! முகத்தைக் கையால் மூடிக்கொண்டு எடுத்த படத்தைக் காட்டி, இவர் அண்ணனா தம்பியா என்று கேட்டால் எப்படி விடை சொல்வது?

ஆதலின் பல சோதனைகள் பிரெட்னிசோலோனையும் மெதில்பிரெட்னிசோலோனையும் கார்டிசால் என்றே எண்ணின. பொறிக்குப் பொறி இப்பிழையின் அளவு வேறுபடும். பின்னர் வந்த சில சோதனைகளில் அது மிகவும் குறைக்கப்பட்டுள்ளது, முற்றும் ஒழியவில்லை.

டெக்சாமெத்தசோன் அமைப்பில் மிகுதியாக வேறுபடுவதால் பெரும்பாலான சோதனைகளை ஏமாற்றாது. ஆனால் அது பிட்யூட்டரியை உறங்க வைப்பதால் கார்டிசால் உண்மையிலேயே தாழ்ந்துவிடும். இங்கே எண் பொய்யன்று. காரணம் மட்டும் மறைந்திருக்கிறது. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையோ கார்டிசாலேதான். சுரப்பி தந்தது எது, மாத்திரை தந்தது எது என்று எந்தப் பொறியாலும் பிரிக்க இயலாது. இவற்றைத் தவிர, மெய்யான மாற்றங்களும் உண்டு: ஸ்டீராய்டு மருந்து தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைத் தாழ்த்தும், குருதிச் சர்க்கரையை ஏற்றும். கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைப் பெருக்கி மொத்த அளவை உயர்த்திக் காட்டும். முடி வளர்வதற்காக உண்ணும் பயோட்டின் என்ற வைட்டமின் கூடச் சில சோதனைகளைப் பிறழச் செய்யும் என்று 2017இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது.

எண் பிழைத்தால் உயிர்

இது ஆய்வுக்கூடத்தோடு முடியும் செய்தியன்று. நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர் மருந்தை விடும் தறுவாயில், காலைக் கார்டிசாலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்க உட்சுரப்பியல் சங்கங்கள் 2024இல் கூடி வெளியிட்ட வழிகாட்டியின்படி, லிட்டருக்கு 300 நானோமோலுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது எனலாம். 150க்குக் கீழ் என்றால் மருந்து தொடர வேண்டும். இடையில் இருந்தால் மருந்தைத் தொடர்ந்து, மீண்டும் சோதிக்க வேண்டும். இப்போது எண்ணிப் பாருங்கள். ஒருவருடைய உண்மை அளவு 100. காலையில் விழுங்கிய பிரெட்னிசோலோன் பொறியில் 220 போலத் தோன்றிக் கூடிவிடுகிறது. தாளில் 320 என்று வருகிறது. சுரப்பி உறங்குகிறது, பதிவேடோ "உள்ளேன் ஐயா" என்கிறது. மருந்தை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்பதை என் அத்தை வீழ்ந்து காட்டினார்.

மறுபுறமும் உண்டு. மறைவாக ஸ்டீராய்டு உண்டவரின் உருண்ட முகத்தோடு உயர்ந்த கார்டிசாலும் தாளில் தெரிந்தால், உடலில் இல்லாத கட்டியைத் தேடும் வேலை தொடங்கலாம். தேர்ந்த மருத்துவர் அப்போது பிட்யூட்டரியின் கட்டளை ஹார்மோனையும் பார்ப்பார். சோதனைக்கு முன் எந்த மருந்தை எத்துணை நேரம் நிறுத்தி வைக்கலாம் என்றும் சொல்வார். அதை அவரே சொல்ல வேண்டும். நாமாக ஒரு வேளை மாத்திரையும் நிறுத்தலாகாது.

நிறை கொண்டு அறிதல்

சாயலை விட்டு நிறையைப் பார்க்கும் கருவிகள் இன்று வந்துள்ளன. கார்டிசாலின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 362. பிரெட்னிசோலோனின் எடை 360. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் வேறுபாட்டைக் கருவி பிரித்துக் காட்டுகிறது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இயற்கையில் சற்றே கனத்த கார்பன் அணுக்களும் கலந்திருப்பதால், பிரெட்னிசோலோனில் ஒரு சிறு பங்கு 362 எடையோடு வந்து நிற்கும். ஆகவே எடை பார்க்கும் முன் குருதியின் பொருள்களை ஒரு குழாயில் ஓடவிட்டு, முன்பின்னாகப் பிரித்துக்கொள்வர். அருமையான முறை, ஆனால் விலையும் மிகுதி, பயிற்சியும் மிகுதி. எல்லா ஊரிலும் எல்லா நாளும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அது கிடைக்கும் இடத்திலும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை உண்டவரிடம் அதுவும் வாய் திறவாது.

நம் வீட்டு அலமாரி

டெக்சாமெத்தசோன் கொடிய மருந்தன்று. 2020இல் கோவிட் நோயால் உயிர்வாயு தேவைப்பட்டவர்களின் இறப்பைக் குறைத்தது என்று பிரிட்டனில் நிறுவப்பட்ட மருந்து அது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் ஸ்டீராய்டால் வாழ்வு பெற்றோர் எண்ணற்றோர். அஞ்ச வேண்டியது, தெரியாமல் உண்பதற்கே.

மரபு மருந்து என்ற பெயரில் விற்கும் மூட்டுவலிப் பொடிகளிலும் உருண்டைகளிலும் டெக்சாமெத்தசோன் முதலியவை கலந்திருந்ததை மலேசிய சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை கண்டு அறிவித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'மால்' எனத் தொடங்கும் எண் இருக்கும். மரபு மருந்தாயின் அதன் ஈற்றில் 'டி' என்ற எழுத்து வரும். என் அத்தை வாங்கிய பொட்டலத்தில் எண்ணே இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்பது, படித்து ஆசிரியராகி நூறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்த எனக்கே தோன்றவில்லை.

தோட்டங்களிலிருந்து அலோர் ஸ்டாருக்கும் சுங்கை பட்டாணிக்கும் குடிவந்த முதியோர் பலர், மருத்துவர் முன் பொடியின் பேச்சை எடுக்க நாணுகிறார்கள். "திட்டுவார்களோ" என்ற அச்சம். அவர்களுக்குத் துணை செல்லும் மகனோ மகளோ பேத்தியோதான் பேச வேண்டும். மாத்திரை, ஊசி, மூச்சில் இழுக்கும் மருந்து, தோலில் பூசும் களிம்பு, சந்தைப் பொடி, வைட்டமின் ஆகிய அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வதே நன்று. கடைசி வேளை எப்போது உண்டார் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளலாம். கார்டிசால் காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்வது. ஆதலின் குருதி எடுத்த நேரமும் கணக்கில் சேர்ந்ததே.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அந்நான்கு. நான்காமவனை ஏன் சேர்த்தார் என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. கஞ்சி காய்ச்சவும் கால் பிடிக்கவும் ஆள் வேண்டும் அல்லவா என்று பல ஆண்டுகள் விடை சொல்லி வந்தேன். இப்போது வேறொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். பொறி குரலை மட்டும் கேட்கும். குரல் யாருடையது என்று அறிந்தவன் அருகிருப்பவனே. யாலோவின் நுட்பமும் நிறை காணும் கருவியும் விடை தெரியாமல் நிற்கும் இடத்தில், நோயாளி என்ன விழுங்கினார் என்று சொல்ல வல்லவன் அவன் ஒருவனே. அவன் வாய் திறந்தால்தான் தாளில் உள்ள எண்ணுக்குப் பொருள் உண்டு.